மேல கோட்டு, கீழ சாரம்

பேராண்டி, தை பொறந்தா உனக்குக் கல்யாணம்னு சொன்னாங்க. சந்தோசம். பொண்ணு பண்டாரவளைப் பக்கம்னாங்க, இன்னும் சந்தோசம். காலைல கோயில்ல தாலி கட்டப் பட்டு வேட்டி, சாயங்காலம் மண்டபத்துல நிக்கக் கோட்டு சூட்டு, கூட நிக்கிற தோழமாருக்கெல்லாம் ஒரே நிறத்துல வேஸ்ட்கோட்டு. இது வரைக்கும் எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. அந்தக் கோட்டை டவுன்ல வாடகைக்கு எடுக்கப் போறேன்னு உங்கம்மாகிட்ட மெதுவாச் சொன்னியாமே, அதுலதான் எனக்குக் காது நீண்டுச்சு.

நான் என்ன கண்டேன், கவ்வாத்துக்காரன். ஆயுசுல பாதியை மலையில கவ்வாத்துக் கத்தியோட கழிச்சவன். எங்க வெட்டணும், எந்தக் கிளையைத் தொடாம விடணும்னு தெரியாதவன் கையில கத்தியைக் குடுத்தா தேயிலைச் செடி பட்டுப் போகும். கோட்டு வெட்டுற கத்தரியும் அப்படித்தான். நாலு எழுத்துப் படிச்ச பிள்ளைக்குக் கிழவன் புத்தி சொல்றானேன்னு நினைக்காத. கேட்டுட்டு உன் இஷ்டப்படி செய். எப்படியும் அதைத்தான் செய்வ.

முதல்ல ஒண்ணு. மெட்ராஸ் வெயில்ல கோட்டு மாட்டுறவனைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். நம்ம பெரகலயில கோட்டு மாட்டுறவனைப் பார்த்தா புத்திசாலின்னு சொல்லுவேன். நம்ம சந்தியில நின்னு பாரேன். ஒரு ரோடு கொஸ்லந்த, வெல்லவாயன்னு வெக்கைக்கு இறங்குது. ஒரு ரோடு அப்புத்தளைக்கு ஏறுது. இன்னொண்ணு ஹல்துமுல்ல வழியாக் கொழும்புக்குப் போகுது. கீழ இருந்து ஏறி வர்ற காத்து பனியையும் கூட்டிட்டு வந்தா, முன்னால போற பஸ்ஸோட பின் விளக்குக் கூடத் தெரியாது. இந்த ஊருல கோட்டு ஆடம்பரம் இல்லடா, போர்வை. அதனால உன் கோட்டு ஆசையில நான் குறை காணல. நீ அந்த ஆசையைத் தப்பான கடையில கொண்டு போய் வைக்கிறதுதான் எனக்குப் பொறுக்கல.

இந்த மலையில கோட்டை முதல்ல போட்டவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் வெள்ளைக்காரத் தொரை. பகல்ல அரைக் காச்சட்டையும் நீள மேசோடும் மலையைச் சுத்துவாரு, ராத்திரி பங்களாவுல சோறு திங்கறதுக்குக் கோட்டு மாத்துவாரு. சோத்துக்கு எதுக்குடா கோட்டுன்னு கேக்காத, அவங்க சாமிக்கு நேர்ந்துக்கிட்டது. நுவரெலியாவுல ஹில் கிளப்புன்னு ஒண்ணு இருக்கு, 1876-ல தொடங்கினது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆம்பளைங்க கோட்டும் டையும் கட்டணும்னு அங்க ஒரு சட்டம். கொண்டு வராதவனுக்கு கிளப்புலயே ஒரு கோட்டை இரவல் குடுக்கிறாங்களாம். தொரைமார் கப்பல் ஏறிப் போயாச்சு. கோட்டுச் சட்டத்துக்கு மட்டும் டிக்கட் கிடைக்கல போல.

ரெண்டாவது ஆளு பெரிய கங்காணி. பழைய போட்டோவை எடுத்துப் பாரு. தலையில தலப்பா, மேல கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில சங்கிலி போட்ட கடியாரம், கையில தடி. அப்படியே கண்ணைக் கீழ இறக்கு. களிசான் இருக்காது, வேட்டி இருக்கும். காலு வெறுங்காலு. தொரை முன்னாடி செருப்புப் போட்டு நிக்க முடியாத காலம் அது. மேல பாதி தொரை பாக்கறதுக்கு, கீழ பாதி தன் சௌகரியத்துக்கு. ஒரே உடம்புல ரெண்டு அரசாங்கம் நடத்தினவன் நம்ம கங்காணி.

நாம மட்டும்தான் இப்படிக் கூத்துக் கட்டினோம்னு கூச்சப்படாத. கீழ்நாட்டுச் சிங்கள முதலிமார் களிசானைப் போட்டு, அதுக்கு மேல கம்பாயத்தைச் சுத்தி, அதுக்கும் மேல கோட்டை மாட்டி, கொண்டையில சீப்பும் சொருகிக்கிட்டுப் படத்துக்கு நின்னவங்க. களிசானை விட மனசில்ல, கம்பாயத்தை விட்டா சாதி சனம் விடாது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணாக் கட்டிக்கிட்டாங்க. சண்டையே வரல பாரு.

ஆனா ஒரு கோட்டு முழு ஆயுசையும் வாழ்ந்தது நம்ம பொம்பளைங்க உடம்புலதான். பெரியவங்க போட்டுத் தேஞ்சு, முழங்கை பளபளத்து, பொத்தான் உதிர்ந்து, கடைசியில அது கொழுந்து எடுக்கப் போகும். சேலைக்கு மேல ஆம்பளைக் கோட்டு, இடுப்புல படங்கு, தலையில கூடைக் கயிறு. காத்தும் மழையும் அடிக்கிற மலையில உங்க பாட்டி அப்படித்தான் நின்னா. லண்டன்ல எந்த டெய்லரும் தன் கோட்டுக்கு அந்த மாதிரி பரீட்சை வச்சிருக்க மாட்டான்.

இன்னொரு கோட்டும் இருந்துச்சு, ஸ்டூடியோ கோட்டு. 1964-ல சிறிமா அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் ஒப்பந்தம் போட்டு, அஞ்சே கால் லட்சம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இங்கேன்னு நம்மளப் பங்கு பிரிச்சாங்க பாரு, அப்ப எல்லாத்துக்கும் போட்டோ கேட்டாங்க. டவுன் ஸ்டூடியோவுல ஆணியில ஒரு கோட்டு தொங்கும், முடிச்சுப் போட்டு வச்ச டையோட. வரிசையில நிக்கிற எல்லாரும் அதைத்தான் மாட்டணும். குட்டையானவனுக்குக் கை விரல் தெரியாது, நெட்டையனுக்கு மணிக்கட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். படம் நெஞ்சு வரைக்கும்தானே, கீழ சாரத்தோட ஸ்டூல்ல உக்காந்தாப் போதும். உங்க சின்னப் பாட்டன் அந்தக் கோட்டோடதான் பாஸ்போட்டுல இருக்காரு. அவருக்கு முன்னால போனவரும் அதே கோட்டு, பின்னால போனவரும் அதே கோட்டு. நீ இப்ப வாடகைக்கு எடுக்கப் போற கோட்டு அதோட பேரப்பிள்ளைதான்டா. கொஞ்சம் மினுக்கா இருக்கு, அவ்வளவுதான்.

சரி, உலகத்துல இப்ப என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? நீ சூட்டுக்குள்ள நுழையுற நேரம் பாத்து, அதைக் கண்டுபிடிச்சவன் வெளிய வந்துட்டான். அமெரிக்காவுல கோல்ட்மேன் சாக்ஸ்னு ஒரு பெரிய காசுக் கம்பெனி, சூட்டு இல்லாம உள்ள விடாத இடம். 2019-லயே அவங்க ஆளுகளுக்கு இலகுவா உடுத்திட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருசம் கொரோனா வந்துச்சு. ப்ரூக்ஸ் பிரதர்ஸ்னு 1818-ல இருந்து கோட்டு வித்த கடை, 2020-ல கடன்ல மூழ்கிப் போச்சு. வீட்டுல இருந்தபடி கம்பியூட்டர்ல கூட்டம் போட்டாங்களே, நீயும் போட்டியே, அப்ப பெரிய பெரிய மனுசங்க எல்லாம் எப்படி உக்காந்தாங்க? மேல கோட்டு, கீழ சாரம். நம்ம ஸ்டூடியோவுக்கு உலகமே வந்து வரிசையில நின்னுச்சு.

அதை விடப் பெரிய சேதி ஒண்ணு. இங்கிலாந்துல சாமான் விலை ஏறிச்சா இறங்கிச்சான்னு கணக்குப் பாக்க ஒரு கூடை வச்சிருக்காங்க. சனங்க எதை வாங்குதோ அதைக் கூடையில போடுவாங்க, வாங்காததைத் தூக்கி வெளிய போடுவாங்க. 1947-ல இருந்து ஆம்பளைச் சூட்டு அந்தக் கூடைக்குள்ள இருந்துச்சு. 2022-ல எடுத்துட்டாங்க. எடுத்துட்டு அந்த இடத்துல என்னத்தைப் போட்டாங்க தெரியுமா? கோட்டை மட்டும். களிசானோட சேராத தனிக் கோட்டு. அதை ஒருத்தர் படிச்சுச் சொன்னப்ப நான் சிரிச்ச சிரிப்புல வெத்தல பொரையேறிப் போச்சு. கோட்டு தனி, கீழ அவனவன் இஷ்டம். இதை நம்ம பெரிய கங்காணி நூறு வருசத்துக்கு முன்னாலயே சொல்லலையா?

அப்ப சூட்டுக்கு மதிப்பே போச்சான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2025 பெப்ரவரியில உக்ரைன் ஜனாதிபதி வாசிங்டனுக்குப் போனாரு. ஊரு பத்தி எரியுது, அதுக்கு உதவி கேக்கப் போன மனுசன். அங்க ஒரு நிருபரு எழும்பி, உங்ககிட்ட சூட்டு இருக்கா, ஏன் போடலன்னு கேட்டாரு. அதே மனுசன் ஆகஸ்ட்டுல கறுப்புக் கோட்டோட போனாரு, டை இல்லாம. அந்த நிருபரே பாராட்டிட்டாரு. பாத்துக்க, யுத்தம் நிக்கல, கோட்டுப் பிரச்சினை தீந்துருச்சு. எளியவன் போய் நிக்கிற வாசல்ல எல்லாம் இன்னமும் கோட்டுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியைக் காலுல மிதிச்சவரு ஒருத்தரு நம்ம பதுளைக்கு வந்திருக்காரு. காந்தி. 1888-ல லண்டனுக்குப் படிக்கப் போனப்ப பாண்ட் தெருவுல பத்துப் பவுன் குடுத்து ராத்திரிச் சூட்டு தைச்சவருதான் அவரும். 1921-ல மதுரையில எல்லாத்தையும் விட்டுட்டு அரை வேட்டிக்கு வந்தாரு. 1927 நவம்பர்ல பதுளைக்கு வந்தப்ப அதே அரை வேட்டிதான். பாத்துட்டு வந்த எங்கப்பாவுக்கு அவரு பேசின பேச்சு ஒண்ணும் மனசுல தங்கல. “இந்தக் குளிர்ல மனுசன் எப்படிடா நிக்கிறாரு”ன்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ அவ்வளவு தூரம் போக வேணாம் பேராண்டி. பொண்ணு வீட்டுக்காரங்க வேன்ல ஏறித் திரும்பிப் போயிருவாங்க.

இப்ப உன் வாடகைக் கோட்டுக்கு வருவோம். நீ போன்ல காட்டின படத்துல அந்தப் பையன் கோட்டுக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பொத்தான் போட்ட இடத்துல துணி நாலு பக்கமும் இழுத்துக்கிட்டு நிக்குது. இது ரெண்டாயிரமாம் வருசத்துக்குப் பிறகு வந்த கூத்து. பிரெஞ்சுக்கார டியோர் கம்பெனியில ஹெடி ஸ்லிமான்னு ஒருத்தர் இருந்தாரு, ஒட்டிப் போன உடம்புக்காரப் பையன்களுக்கு ஒட்டிப் போன கோட்டா வெட்டினாரு. உலகம் பூரா அதையே வெட்டுச்சு. அதுக்கு முன்னால தோளுல பஞ்சை அடைச்சுக் கதவு அகலத்துக்குக் கோட்டுப் போட்டாங்க. இத்தாலிக்கார அர்மானிதான் அந்தப் பஞ்சையும் உள் துணியையும் உருவி எறிஞ்சு, கோட்டை மேலுல தொங்க விட்டாரு. இப்ப திரும்ப அகலக் களிசானும் தொளதொளக் கோட்டும் வந்தாச்சாம். நீ மூச்சைப் பிடிச்சுப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவுக்குச் சட்டம் போடுறதுக்குள்ள நாகரிகம் மாறிடும். நாங்க கவ்வாத்து வெட்டினா அடுத்த வெட்டுக்கு மூணு நாலு வருசம் தாங்கும். இவனுக வெட்டு ஒரு வருசத்துக்கும் தாங்காது.

வாடகைக் கோட்டுல இன்னும் என்ன இருக்குன்னு கேளு. முன் பக்கம், பொத்தானுக்குக் கீழ துணியை ரெண்டு விரலால கிள்ளி இழுத்துப் பாரு. மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவுல தனியா ஒரு துணி நழுவுச்சுன்னா, உள்ள கேன்வாஸ் வச்சுத் தைச்ச கோட்டு. குதிரை மயிரு கலந்து நெய்யுற துணி அது, போடப் போட உன் நெஞ்சு வளைவைப் படிச்சுக்கும். நடுவுல ஒண்ணும் நழுவலன்னா, பசை போட்டு இஸ்திரிப் பெட்டியால ஒட்டினது. அது கடையில கண்ணாடிக்கு முன்னால ராசா மாதிரி நிக்கும். நம்ம பனியில நனைஞ்சு நனைஞ்சு காஞ்சா, இல்ல நாலு வாடகைக்காரன் போட்டு நாலு தரம் கழுவினா, பசை விட்டு நெஞ்சுல கொப்புளம் கொப்புளமா எழும்பும். நீ அஞ்சாவது வாடகைக்காரன். மாலையோட நிக்கிற மாப்பிள்ளைக்கு மாரியாத்தா வாத்த மாதிரிப் போட்டோவுல தெரியும்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளையோட கோட்டுக்குப் பின்னால கீழ வெட்டு விட்டிருப்பாங்களே, குதிரை ஏறுறவனுக்காக வந்த வெட்டு, அது விரிஞ்சு போகாம இருக்கக் கடைக்காரன் போட்ட பெருக்கல் தையல் அப்படியே இருந்துச்சு. கை நுனியில கம்பெனிச் சீட்டும் தொங்குது. ரெண்டும் பிரிச்சு எறியணும்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லல. எல்லாப் பொத்தானையும் வேற பூட்டிக்கிட்டான். கடைசிப் பொத்தானைப் பூட்டக் கூடாதுடா. ஏழாம் எட்வர்ட் ராசாவுக்குத் தொந்தி விழுந்து அந்தப் பொத்தான் எட்டலயாம், ராசாவைப் பாத்துச் சபையே திறந்து விட்டுச்சாம். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையை நம்பித்தான் இன்னிக்கும் உலகம் அந்தப் பொத்தானைத் திறந்து விட்டுக்கிட்டு அலையுது. தொந்திக்கு இவ்வளவு மரியாதை வேற எங்கயும் கிடைச்சதில்ல.

அதனால, தை. வாடகைக் காசோட இன்னும் கொஞ்சத்தைப் போட்டு ஒரு கோட்டு தை. களிசான் வேற துணியில இருந்தாலும் பரவால்ல, இங்கிலாந்துக் கூடையே அதுக்கு உத்தரவு குடுத்தாச்சு. கோட்டு விலை சும்மா இல்லன்னு எனக்கும் தெரியும். 2024-ல தோட்டச் சம்பளம் ஒரு பேருக்கு, அதான் ஒரு நாள் வேலைக்கு, 1350 ரூவா ஆச்சு. உங்கம்மா மழையில நனைஞ்சு இருபத்தஞ்சு பேரு போட்டாத்தான் அப்ப 33,750 வந்துச்சு. ஒரு நல்ல கோட்டு அதுல பெரிய பங்கைத் தின்னுடும். அப்படிப்பட்ட காசை மூணு மணி நேரப் போட்டோவுக்குப் பாதி, திருப்பிக் குடுக்கையில கறைக்குத் தண்டம் பாதின்னு கரைக்காதே. உங்கம்மா ஒரு மாசத்துப் பேருக்கு ஒரு பொருளாவது வீட்டுல தங்கணும்.

டெய்லரைச் சீக்கிரம் பிடி, அவனுகளும் குறைஞ்சு வர்றானுக. 1992-ல பிரேமதாச ஐயா ஊருக்கு ஊரு கார்மென்ட் வரும்னு 200 ஃபேக்டரித் திட்டம் போட்டாரு. நம்ம பிள்ளைங்க பாதி அங்கதான் போகுது. நாட்டுக்கு டாலரும் வருது, குறை சொல்ல மாட்டேன். ஆனா உன் அத்தை மகளைக் கேட்டுப் பாரு. காலர் பூட்டுற இடத்துல அவளை அடிச்சுக்க ஆளில்ல. கையைப் பூட்டச் சொன்னா, அது அடுத்த லைன் புள்ள வேலைன்னு சொல்லுவா. முழுக் கோட்டையும் மனசுல வச்சு வெட்டுற கை, டவுன்ல பழைய மிஷினுக்குப் பின்னால உக்காந்து களிசான் அடி மடிச்சுக் குடுத்துக்கிட்டுக் கிடக்கு. போய் அந்தக் கையை எழுப்பு.

போறப்ப நாலு விசயம் சொல்லி அனுப்புறேன், மறக்காம டெய்லர்கிட்டச் சொல்லு. முதல்ல தோளு. மத்த எதையும் பிறகு பிரிச்சுத் தைக்கலாம், தோளு தப்புன்னா கோட்டே தப்பு. பஞ்சு வேணாம்னு சொல்லு. வலது தோளை மட்டும் ஒரு விரல்கடை இறக்கமா வைக்கச் சொல்லு. உன் தோளு நேராத்தான் இருக்கு, தெரியும். இருந்தாலும் சொல்லு.

அடுத்தது தையலுக்கு உள்ள துணி விடணும். ரெடிமேட்காரன் அரை இஞ்சு கூட விட மாட்டான், மிச்சத் துணியில இன்னொரு கோட்டு வெட்டிடுவான். பழைய டெய்லருங்க முதுகுத் தையல்லயும் பக்கத் தையல்லயும் தாராளமா மடிச்சு விடுவாங்க. அப்பனுக்குத் தைச்ச கோட்டு மகனுக்குப் பிரிச்சுப் பெருசாகும், மறுபடி சின்னதாகும். ஆளு பெருக்கவும் செய்வான், வத்தவும் செய்வான். ரெண்டுக்கும் வழி வேணும்.

மூணாவது நிறம். அந்த வெளிர் நீலம், சாம்பல் எல்லாம் வேணாம். கறுத்த பழுப்பு எடு. ஏதாவது தெறிச்சாலும் தெரியாது. என்ன தெறிக்கும்னு கேக்காத, கல்யாண வீட்டுல ஆயிரம் தெறிக்கும். துணியில கம்பளி கலந்திருக்கட்டும்.

நாலாவது உள் பை. இடது பக்கம், ஆழமா, அடி இரட்டைத் தையல். உன் போன் வைக்கிறதுக்குத்தான். ஒரு சின்ன டப்பா நுழையுற அளவுக்கு வாய் அகலமா இருந்தா நல்லது. இப்ப போனெல்லாம் பெருசா வருதுல்ல.

கல்யாணம் முடிஞ்சு மறு வாரம் நீ கொழும்புக்குப் போயிருவ. அந்த வெக்கையில, அந்தப் பஸ் நெரிசல்ல, கம்பளிக் கோட்டு உனக்கு எதுக்கு? பூச்சி அரிச்சிடும். பெரகலயில விட்டுட்டுப் போ, நான் பத்திரமாப் பாத்துக்கிறேன். சும்மா தொங்க விட்டாக் கோட்டு கெட்டுப் போகும், அதனால அப்பப்ப சந்திக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்துட்டு வருவேன். நாளன்னைக்கு அளவு எடுக்கப் போறப்ப என்னையும் கூப்பிடு. டெய்லருக்கு ஏதாவது சந்தேகம் வந்தா, கை நீளத்தை என் கையில வச்சே அளந்துக்கட்டும். களிசானுக்கு மட்டும் நீ காசு மிச்சம் பிடிக்கலாம். கீழ என்கிட்டச் சாரம் இருக்கு.